மலைக்கு அந்தப் பக்கத்து வாசல்

அத்தியாயம் 11

ஹோபர்ட் தோண்டிய குழியைப் பார்த்து ஊர் சிரித்ததெல்லாம் அந்தச் சனிக்கிழமையோடு முடிந்துபோயிற்று.

இரண்டு குளிர்காலம் சிரித்தார்கள். டெட்ராய்ட்டில் ஏழு வருஷம் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டுக் கென்டக்கிக்குத் திரும்பி வந்த ஹோபர்ட் பிக்கெட், ஐரீனைக் கல்யாணம் செய்துகொண்டு, மாமனார் கொடுத்த பாறைச் சரிவில் கடப்பாரையும் வெடிமருந்துமாக இறங்கியபோது, "பய நரகத்துக்குக் குறுக்குவழி போடுறான்" என்று முடிவெட்டும் கடையில் பேசிக்கொண்டார்கள்.

அதே மலையின் இந்தப் பக்கம் அவன் அக்கா வெர்னாவின் வெள்ளைத்திரைக் குகை. அப்பா ஏசா பிக்கெட் சாகும்போது குகை வாசல் இருந்த நிலத்தை மகளுக்கும், ஆற்றங்கரைச் சோளக்காட்டை மகனுக்கும் எழுதி வைத்திருந்தார். மகன் சோளக்காட்டை விற்றான். மகள் குகையை வைத்துப் பிழைத்தாள், அவளும் அவள் புருஷன் ஹார்லன் சட்டிலும்.

பிழைப்பு கெட்டது புதுத் தார்ச்சாலையால். அது ஹோபர்ட் பக்கமாகப் போய்விட்டது. மாமத் குகையைப் பார்க்க லூயிவில்லிலிருந்து வருகிற கார்கள் எல்லாம் அந்த வழிதான். வெர்னாவின் குகைக்கு வர வேண்டுமென்றால் சாலையை விட்டு இறங்கி மூன்று மைல் சேற்றில் உருள வேண்டும். போதாதற்கு, ஹோபர்ட் வைத்திருந்த ஆட்கள் ஓடுகிற கார்களின் படியில் தாவி ஏறி, "வெள்ளைத்திரையா? அங்க இடுப்பளவு தண்ணிங்க. போன வாரம் ஒருத்தர் வழுக்கி விழுந்து கால் போச்சு" என்று கூசாமல் சொன்னார்கள்.

சென்ற வாரம் மூன்று நாள் பிற்பகலில் வெர்னாவின் சமையலறை ஜன்னல் அதிர்ந்தது. "என்ன சத்தம் அது?" என்று கேட்டாள். ஹார்லன் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "ரோடு போடுறவங்க கல்லு உடைக்கிறாங்க" என்றான். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஏழு பேர் வந்தார்கள். ஜூன் மாதம் பிறந்து அதுவரை வந்ததிலேயே பெரிய கூட்டம் அதுதான். இண்டியானாவில் இரும்புக்கடை வைத்திருக்கும் க்ரூகரும் அவர் மனைவியும் ஒரு காரில். ஒஹையோவிலிருந்து ஐந்து பள்ளி ஆசிரியைகள் இன்னொரு காரில்.

"பாலம் தாண்டினதும் ஒருத்தன் கார்ல தொத்திக்கிட்டான்" என்றார் க்ரூகர். "உங்க குகை இடிஞ்சு விழுந்துடுச்சுன்னான். அப்ப இடிஞ்ச குகையையே பார்த்துட்டுப் போறேன்டான்னு வந்துட்டேன்."

வெர்னா சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். விளக்குகளைக் கொளுத்தி ஆளுக்கொன்று கொடுத்தாள். வழக்கமாக அவள் முன்னால் கதை சொல்லிக்கொண்டு போவாள். ஹார்லன் கடைசி ஆளுக்குப் பின்னால் வருவான்.

அன்றைக்கு ஹார்லன் வராந்தாப் படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"முழங்கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, வெர்னா. இன்னிக்கு நீ தனியா கூட்டிட்டுப் போயிடேன்."

"நேத்து ராத்திரி நல்லாத்தானே இருந்த?"

"காலையில இருந்துதான்."

அவள் அவன் முழங்காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. "அலமாரியில தைலம் இருக்கு. தேய்ச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் குகைக்குள் இறங்கினாள்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம். முதலில் நடக்கலாம். பிறகு குனிய வேண்டும். பிறகு 'பாவிகள் சந்து' என்று பெயர் வைத்திருந்த இடத்தில் வயிற்றால் ஊர வேண்டும். க்ரூகர் பாதியில் மாட்டிக்கொண்டார்.

"மூச்சை விடுங்க ஐயா. உள்ள இழுக்காதீங்க."

"விட்டுட்டேன்மா! இதுக்கு மேல விட்டா திரும்பி வராது!"

"காலையில எத்தனை பிஸ்கட் சாப்பிட்டீங்கன்னு கேளும்மா அவரை" என்று பின்னாலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். ஆசிரியைகள் சேற்றில் படுத்தபடியே சிரித்தார்கள். வெர்னா அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்தாள். பிரசவம் பார்ப்பது மாதிரிதான் இருந்தது.

சந்தைத் தாண்டியதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைக்கு மேல் கூரை தெரியவில்லை. அதுதான் மண்டபம். அந்தக் குகைக்கு யாராவது வந்தால் இதற்காகத்தான் வருவார்கள்.

அவள் எப்போதும் சொல்கிற கதையைச் சொன்னாள். "இது ஏசா மண்டபம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதுல எங்கப்பா ஏசா பிக்கெட் இப்ப நீங்க வந்த அதே சந்துல ஒத்தை விளக்கோட ஊர்ந்து வந்து கண்டுபிடிச்சது. போக வர பதினோரு மணி நேரம். இப்ப எல்லாரும் விளக்கை அணைங்க. உங்க கையே உங்க கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒரு இருட்டைப் பூமிக்கு மேல நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. ஒரு நிமிஷம் கழிச்சு நான் மக்னீசியம் நாடாவைக் கொளுத்துவேன். அப்பப் பாருங்க வெள்ளைத்திரையை."

ஒவ்வொரு விளக்காக அணைந்தது. கடைசியாக அவளுடையது.

இருட்டவில்லை.

கூரையிலிருந்து தொங்கிய கல்திரைகள் மங்கலாக, மஞ்சளாக, மடிப்பு மடிப்பாகத் தெரிந்தன. க்ரூகரின் வழுக்கைத் தலைகூடத் தெரிந்தது.

"ஆஹா!" என்று ஓர் ஆசிரியை கை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

வெர்னா அசையாமல் நின்றாள். எட்டு வருஷமாக அந்த மண்டபத்தில் விளக்கை அணைத்திருக்கிறாள். ஒரு தடவைகூட எதுவும் தெரிந்ததில்லை. வெளிச்சம் மண்டபத்தின் கோடியிலிருந்து, போன வாரம் வரை வெறும் பாறையாக இருந்த இடத்திலிருந்து வந்தது. கூடவே பேச்சுச் சத்தம். செருப்புச் சத்தம். ஒரு குழந்தையின் அழுகை.

குழந்தையை யாராவது பாவிகள் சந்து வழியாகக் கொண்டுவர முடியுமா?

பாறையின் மூலையைச் சுற்றிக்கொண்டு அவர்கள் வந்தார்கள். முப்பது பேர் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சர்ச்சுக்குப் போகிற உடைகள். ஒரு பெண் குதிகால் உயர்ந்த வெள்ளைச் செருப்பு போட்டிருந்தாள். அதில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. முன்னால் பெரிய பாட்டரி விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி ஹோபர்ட்.

"நாம இப்ப வந்து சேர்ந்திருக்கிற இடம்..." என்று தொடங்கியவன் அக்காவைப் பார்த்ததும் நிறுத்தினான். ஒரு கணம்தான். பிறகு தொப்பியை எடுத்துத் தலை குனிந்தான், பாதிரியாருக்குச் செய்வது போல.

"வா அக்கா. பார்த்து ரொம்ப நாளாச்சு."

வெர்னா அவனைத் தாண்டி வெளிச்சம் வந்த பக்கத்தைப் பார்த்தாள்.

சேறு பூசிய ஏழு பேரும் சேறு படாத முப்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க எப்படி வந்தீங்க?" என்று திருமதி க்ரூகர் வெள்ளைச் செருப்புக்காரியிடம் கேட்டாள்.

"படி இறங்கித்தான். கைப்பிடிகூட இருக்கே. கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஏங்க, நீங்க எங்கேயாவது விழுந்துட்டீங்களா?"

திருமதி க்ரூகர் மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். க்ரூகர் வெர்னாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கடைக்கு வருகிற நல்ல வாடிக்கைக்காரர் பக்கத்துக் கடைக் கண்ணாடியைப் பார்க்கிற பார்வை அது. வெர்னாவுக்கு அதைவிட அவர் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று பட்டது.

"உன் ஆளுங்க களைச்சுப் போயிருப்பாங்க அக்கா" என்றான் ஹோபர்ட், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "மறுபடியும் அந்த எலிவளையில எதுக்கு? இந்தப் பக்கமா ஏறிடட்டும். அவங்க கார் நிக்கிற இடத்துக்கு நம்ம லாரியில கொண்டுபோய் விடச் சொல்றேன். சும்மாதான்."

ஆசிரியைகள் அவள் முகத்தைப் பார்க்காமலே நகர்ந்தார்கள். க்ரூகர் மட்டும், "அம்மா, எனக்கு அம்பத்தெட்டு வயசாகுது" என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார்.

வெர்னா திரும்பித் தன் வழியே போயிருக்கலாம். ஆனால் ஏழு பேரை உள்ளே கூட்டி வந்தவள் ஏழு பேரும் வெளியே போனார்களா என்று பார்க்காமல் போக மாட்டாள். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அவர்களுக்குப் பின்னால் அவளும் ஏறினாள்.

குடைந்த வழி நீளமாக இருந்தது. சரிவாக மேலே போயிற்று. புதுப் பலகைகள் பைன் வாசனை அடித்தன. பாறையில் துளை போட்ட தழும்புகள் வெள்ளையாக இருந்தன. வளைவே இல்லை. போகப் போக அவளுக்கு ஒன்று உறைத்தது. இது தேடித் தோண்டிய வழி இல்லை. எங்கே போகிறோம் என்று தெரிந்தவன் தோண்டிய வழி.

கடைசிப் படியில் வெயில் முகத்தில் அறைந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். தார்ச்சாலை கூப்பிடு தூரத்தில் ஓடியது. பத்துப் பன்னிரண்டு கார்கள். ஐரீன் ஒரு மேஜை போட்டு எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு மேலே, ஈரம் காயாத பெயின்ட்டில், ஆள் உயரத்துக்கு ஒரு பலகை.

ஹார்லன் மண்டபம்.
கண்டுபிடித்தவர்: ஹார்லன் சட்டில், 1919.

வெர்னா அதை வாசித்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக மறுபடி வாசித்தாள்.

"குடிங்க அண்ணி" என்று ஐரீன் ஒரு தம்ளரை நீட்டினாள். நல்ல பெண்தான். "அண்ணன் உங்ககிட்டச் சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன். புதன்கிழமை புதன்கிழமை இங்க வர்றப்பல்லாம் கேட்பேன், அண்ணிக்குத் தெரியுமான்னு. நேரம் பார்த்துச் சொல்றேன்னு சொன்னார்."

புதன்கிழமை. புதன்கிழமை ஹார்லன் ஜெபக் கூட்டத்துக்குப் போவான். குளிர்காலம் முழுவதும் பனியில்கூடத் தவறாமல் போனான். வெர்னா அவன் கோட்டுப் பையில் சுடச்சுட உருளைக்கிழங்கு வைத்து அனுப்புவாள், வழியில் கை விறைத்துப் போகக் கூடாதே என்று.

அவள் தம்ளரை வாங்கவில்லை.

ஹோபர்ட் பக்கத்தில் வந்து நின்றான். இப்போது குரலைத் தாழ்த்தினான். "ஊர் வாய்க்கு முந்தி நானே சொல்லிடறேன். திங்கட்கிழமை கோர்ட்ல மனு வருது. இனிமே உன் ஆளுங்களை மண்டபத்துக்குள்ள கொண்டுவரக் கூடாதுன்னு. மண்டபம் என் நிலத்துக்கு அடியில இருக்கு."

"யார் சொன்னது?"

"அளந்தவர் சொன்னார். உள்ள அளந்து படம் போட்டது உலகத்துல ஒரே ஒருத்தர். அவரே வந்து சத்தியம் பண்ணிச் சொல்லப்போறார்."

"ஹோபர்ட், நான் உனக்கு என்னடா பண்ணினேன்?"

ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்துக் கை ஆட்டிவிட்டுச் சொன்னான்: "அப்பாவைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்ட. ஒத்துக்கிறேன். அதுக்குக் கூலியா குகை முழுசையும் வாங்கிக்கிட்ட. எனக்குச் சோளக்காடு. வருஷத்துல பாதி நாள் தண்ணியில கிடக்கும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'தம்பி, வந்து கூட இரு'ன்னு ஒரு கடுதாசி போட்டியா?"

"போட்டிருந்தா வந்திருப்பியா?"

"போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

ஏழு பேரும் லாரியில் ஏறியதை எண்ணிப் பார்த்தாள். லாரியில் அவளுக்கும் இடம் இருந்தது. ஏறவில்லை. மலையேறி நடந்தாள்.

மேலே உச்சியில் இரண்டு நிலத்துக்கும் நடுவில் பழைய கம்பி வேலி. அங்கே நின்று மூச்சு வாங்கினாள். காலுக்குக் கீழே எங்கோ அந்த மண்டபம் இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? மரங்களையும் பாறையையும் பார்த்தால் என்ன தெரியும்? எட்டு வருஷத்தில் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியதே இல்லை. அளந்தவன் வீட்டிலேயே இருக்கும்போது என்ன கேள்வி?

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. ஹார்லன் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான். சோள ரொட்டியும் பீன்ஸும் சூடாக்கி அவளுக்கு எடுத்து வைத்திருந்தான். தைலக் குப்பி அலமாரியில் வைத்த இடத்திலேயே இருந்தது.

அவள் உடம்பெல்லாம் சேறு காய்ந்து உதிர்ந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"பலகை நல்லா இருக்கு" என்றாள். "பெரிய எழுத்து."

ஹார்லன் கண்ணை மூடித் திறந்தான். "இன்னிக்கே திறப்பான்னு எனக்குத் தெரியாது."

"பொய் சொல்லாத. முழங்கால் வலிக்குதுன்ன."

"சரி. தெரியும்."

"என்னைத் தனியா அனுப்பி வெச்ச. அத்தனை பேர் முன்னாடி."

"உன் பக்கத்துல நின்னு அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல, வெர்னா."

"என்னைப் பார்க்க விட மட்டும் தைரியம் இருந்துது."

அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பெரிய கை. அந்தக் கைதான் ஈர இருட்டில் பென்சில் பிடித்துக் குகை முழுவதையும் படமாகப் போட்டது. "அந்தச் சந்துல யார் ஊர்ந்தா, வெர்னா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"சொல்லு. உங்கப்பா அந்தச் சந்துக்குள்ள தோளைக்கூட நுழைச்சதில்ல. வெளியில உட்கார்ந்து பைப் புகைச்சுக்கிட்டிருந்தார். பதினோரு மணி நேரம் உள்ள இருந்தது நான். திரும்பி வந்து உன்கிட்டத்தான் முதல்ல சொன்னேன். நீ என் முகத்துச் சேத்தைப் பாவாடையால துடைச்ச. நாலு நாள் கழிச்சு 'ஏசா மண்டபம்'னு பலகை ஏறிடுச்சு."

"ஜனங்களுக்கு பிக்கெட்டுன்னாதான் தெரியும். சட்டில்னு போட்டா யார் வருவா?"

"அப்பவும் இதைத்தான் சொன்ன. இதே வார்த்தை. மூணு தடவை கேட்டேன் உன்கிட்ட. மூணு தடவையும் இதையேதான் சொன்ன. அப்புறம் கேக்கிறதை நிறுத்திட்டேன். எட்டு வருஷமா பின்னால நின்னு, உங்கப்பா ஊர்ந்து வந்த கதையை நீ சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டிருந்தேன். ஒருநாள் ஒரு பொம்பளை என்னைக் காட்டி, 'இவரு கூலிக்காரரா?'ன்னு கேட்டா. நீ சிரிச்ச."

வெர்னாவுக்கு அந்தப் பெண் நினைவுக்கு வரவில்லை. சிரித்திருப்பாள். அதுவும் அவளுக்குத் தெரிந்தது. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். ஒரு நிமிஷம் அவன் பக்கத்து நியாயம் முழுசாக அவள் எதிரே வந்து நின்றது. பிறகு புதன்கிழமைகள் நினைவுக்கு வந்தன.

"தப்புதான்" என்றாள். "நான் பண்ணினது தப்பு. அந்தப் பலகையை எடுத்து அடுப்புல வெச்சிருக்கலாம் நீ. பிரசங்க மேடையில ஏறி நின்னு ஊருக்கே சொல்லியிருக்கலாம். என்னை விட்டுட்டுப் போயிருக்கலாம், ஹார்லன். நீ என்ன பண்ணின? குளிர்காலம் பூரா நான் வெச்சுக் கொடுத்த உருளைக்கிழங்கைத் தின்னுக்கிட்டே அவனுக்குக் கோடு போட்டுக் கொடுத்த."

"அவன்கிட்ட நான் ஒரு காசு வாங்கல. என் பேரை மட்டும்தான் கேட்டேன்."

"அதான் எனக்குத் தாங்கல. காசுக்குப் பண்ணியிருந்தா ஏதோ முடை, புத்தி கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்குவேன்."

வெளியே கோழிகள் கத்தின. மேற்கே இடி லேசாக உருண்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். குகைக்காரர்கள் மழைச் சத்தத்தைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

"மண்டபம் யார் பக்கம்?" என்று கேட்டாள்.

"பாதிக்கு மேல அவன் பக்கம்."

"எப்பத் தெரியும்?"

"படம் போட்ட அன்னிக்கே. உன் படத்துல வேலிக்கோட்டைப் போடாம விட்டேன்."

"ஏன்?"

"போட்டிருந்தா நீ அந்தச் சந்தை அன்னிக்கே அடைச்சிருப்ப. அடுத்தவன் நிலத்துக்குள்ள கால் வைக்க மாட்ட. அந்த மண்டபம் இல்லன்னா இந்தக் குகைக்கு யார் வருவா? உனக்காகத்தான் விட்டேன்."

வெர்னா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எட்டு வருஷம் எனக்காகப் பொய் சொன்ன. இப்ப அவனுக்காக உண்மை சொல்ற. எனக்கு உண்மை சொல்றது மட்டும் உனக்கு வரவே இல்ல."

அவன் தலை குனிந்தான்.

அவள் முன்னறைக்குப் போனாள். பீரோவின் அடித்தட்டிலிருந்து அளவுச் சங்கிலியையும் காம்பஸ் பெட்டியையும் எடுத்து வந்தாள். சங்கிலி கனம். அதைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நாம மறுபடி அளக்கிறோம். வாசல்லேருந்து மண்டபம் வரைக்கும். அப்புறம் மலைக்கு மேல, வாசல்லேருந்து வேலி வரைக்கும். நீ ஊசியைப் படி. நான் சங்கிலி பிடிக்கிறேன். ஒவ்வொரு எண்ணையும் நானும் என் கண்ணால பார்க்கணும், என் கையால எழுதணும்."

"இப்பவா? மழை வருது, வெர்னா. சந்துல தண்ணி ஏறிடும்."

"ஏற இன்னும் நேரம் இருக்கு. இப்ப ஆரம்பிச்சாத்தான் திங்கட்கிழமைக்குள்ள முடியும்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கூட்டம் வர்ற நாளாச்சே..."

"கூட்டமா?" என்றாள்.

"நான் சொன்னது சரின்னு வந்தா?" என்று ஹார்லன் கேட்டான்.

"திங்கட்கிழமை கோர்ட்ல நானே எழுந்து சொல்றேன், அது ஹோபர்ட் மண்டபம்னு. நீ வாயே திறக்க வேண்டாம். சந்தை நானே அடைக்கிறேன்."

"தப்புன்னு வந்தா?"

"அப்ப நீ எழுந்து சொல்லணும். அந்தப் பலகை இறங்கும்னு தெரிஞ்சே சொல்லணும். உன் பேர் போட்ட பலகை."

ஹார்லன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கதவை நோக்கி வரவில்லை. மேஜையைச் சுற்றி வந்து, அவள் எதிரில், கை எட்டாத தூரத்தில் நின்றான்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்" என்றான். "உள்ள போய்த் தெரிஞ்சுக்கிறதைவிட இங்கயே தெரிஞ்சுக்கோ."

"இன்னும் என்ன?"

"கடைசித் துண்டை நான் அளக்கவே இல்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"சந்துக்கு அந்தப் பக்கம், மண்டபத்தோட கோடி வரைக்கும். அன்னிக்குத் தண்ணி ஏறிக்கிட்டிருந்துது. முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு. செத்துப்போயிடுவேன்னு பயந்துட்டேன். அப்பவே திரும்பிட்டேன். வெளியில வந்து கண்ணால பார்த்ததை வெச்சுப் படத்துல ஒரு கோடு இழுத்தேன். நூறு அடியா, நூத்தம்பது அடியா, எந்தப் பக்கம் சாயுதுன்னு எனக்கே தெரியாது. அப்புறம் போய் அளக்கலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள பலகை ஏறிடுச்சு. எனக்குப் போகப் பிடிக்கல."

"ஹோபர்ட் வந்து சரியா மண்டபத்துலதானே இடிச்சிருக்கான்?"

"திசை சொன்னேன். பாறையில காதை வெச்சு, தண்ணிச் சத்தம் கேட்டுத் தோண்டினான். இருநூறு அடி உள்ள வந்திருக்கான். வேலியைத் தாண்டி வந்தானா இல்லையான்னு அவனுக்கும் தெரியாது." அவன் சங்கிலியைப் பார்த்துச் சொன்னான். "அவன் கேட்டான், மண்டபம் யார் பக்கம்னு. அவன் பக்கம்தான்னு சொல்லிட்டேன், இப்ப உன்கிட்டச் சொன்ன மாதிரி. அப்படிச் சொன்னாத்தான் பலகை வைப்பான்."

மழையின் முதல் துளிகள் தகரக் கூரையில் விழுந்தன. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை.

வெர்னா தோளிலிருந்த சங்கிலியை இறக்கி வைக்கவில்லை.

"விளக்கை எடு" என்றாள்.